மழை நாள் கணக்கு

வேப்பம்பாடி,
திண்டிவனம் தாலுகா,
12.10.1985

விழுப்புரம், உதவிப் பொறியாளர் திரு. சக்கரபாணி அவர்களுக்கு,

ஐயா,

வேப்பம்பாடி கிராமம் சின்னதுரை மனைவி அஞ்சம்மாள் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

எங்கள் கிழக்குத் தெருவுக்குப் பின்னால், என் வீட்டிலிருந்து நாற்பது தப்படியில், தங்கள் ஆபீசார் போட்ட பெரிய டவர் லைன் போகிறது. கரண்டு விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. மழை தூறினாலும் பனி இறங்கினாலும் அந்தக் கம்பி இரைகிறது. காய்ந்த கல்லில் மாவு ஊற்றினால் வருமே, அந்தச் சத்தம். தோசை வெந்தால் அது அடங்கும். இது விடிய விடிய அடங்காது. மழை இருட்டில் கம்பியை ஒட்டி ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சமும் தெரிகிறது. அந்த வழியாக மாடு ஓட்டப் பலர் பயப்படுகிறார்கள்.

சத்தத்தோடு இருந்துகொள்வோம். ரேடியோதான் தொல்லை. மழை வந்தால் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் ரேடியோ பேசாது. இரைச்சல் மட்டும். போன வாரம் செண்பகம் வீட்டில் மல்லாட்டை பிடுங்கிக் காயப் போட்டார்கள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கனமழை என்று ரேடியோவில் சொன்னதாக மேற்குத் தெருவில் பிறகு சொன்னார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. மூன்று நாள் மழையில் கடலை முழுக்க முளைவிட்டுப் போயிற்று.

இதற்கு ஒரு வழி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்சம்மாள்

இதை அக்காள் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த லைனுக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று திண்டிவனத்தில் கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்கள். அதனால் எழுதினேன்.


விழுப்புரம்,
18.10.1985

திருமதி அஞ்சம்மாள் அவர்களுக்கு,

தங்கள் 12.10.1985 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

தாங்கள் குறிப்பிடும் ஒலியும் ஒளியும் உயர் அழுத்தக் கம்பிகளைச் சுற்றியுள்ள காற்றில் உண்டாகும் 'கரோனா' என்ற நிகழ்வு. சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளி வளையத்துக்கும் இதே பெயர்தான். கீழே நடப்பவர்களுக்கோ கால்நடைகளுக்கோ இதனால் ஆபத்தில்லை. புதிய கம்பியின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் சிறு கீறல்களும் இருக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்து பழகும்போது ஒலி படிப்படியாகக் குறையும். அதுவரை ரேடியோவின் ஏரியல் கம்பியை டவர் லைனுக்கு எதிர்ப்புறமாக மாற்றிக் கட்டிப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
சக்கரபாணி,
உதவிப் பொறியாளர்

மாமாவுக்கு இருமல் குறைந்ததா?


வேப்பம்பாடி,
24.10.1985

சக்கரபாணிக்கு,

இனிமேல் ஐயா போட்டு எழுத எனக்கு வராது. உன் பதிலைப் படித்ததும் அது போய்விட்டது.

கம்பி பழகுமாம். ஒன்றரை வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து இன்னும் பழகாத கம்பி இனி எப்போது பழகும்? ஏரியலை மாற்றிக் கட்டினோம். உன் மாமா கூரைமேல் ஏறிக் கட்டினார். இருமல் குறையவில்லை, ஆனாலும் ஏறினார். அன்று சாயங்காலமே தூறல். ரேடியோ அப்படியே இரைந்தது. அவர் கீழே நின்றுகொண்டு, "ஒன் தம்பி எழுதனதுன்னுதானே ஏறுனேன். போய் அவனையே கட்டச் சொல்லு" என்றார்.

நீ எழுதியிருப்பது யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதுகிற பதில். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கம்பியைப் போடும்போதே இது மழையில் இப்படி இரையும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு சொல்லில் எழுது.

தெரியாது என்றால் சரி, படித்தவர்களும் தவறுவார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

அஞ்சம்மாள்


விழுப்புரம்,
5.11.1985

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும்.

இந்தச் சொல்லை எழுதப் பத்து நாள் ஆயிற்று. நீ கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் கம்பிகளுக்கு மிருகங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்குப் பின்னால் போவது பாந்தர், அதாவது சிறுத்தை. உன் கட்டைவிரல் பருமன் இருக்கும். அதைவிடத் தடித்தது ஜீப்ரா, வரிக்குதிரை. மண்வெட்டிக் காம்பைவிடக் கொஞ்சம் ஒல்லி. நாங்கள் அனுப்பவேண்டிய கரண்டைப் பாந்தரே தாங்கும். சூடாகாது. அந்தக் கணக்கில் குறையில்லை.

ஆனால் இன்னொரு கணக்கு உண்டு. மின் அழுத்தம் கம்பியின் மேல்தோலில்தான் நெருக்குகிறது. கம்பி ஒல்லியானால் தோலும் சிறியது, நெருக்கம் அதிகம். ஓர் அளவைத் தாண்டினால் கம்பியை ஒட்டியிருக்கும் காற்றே தாங்காமல் உடைகிறது. நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான். ரேடியோவில் நுழைவதும் அதுதான். மழையில் கம்பியின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தொங்குகிறது. ஒவ்வொரு சொட்டும் ஓர் ஊசிமுனை. அங்கெல்லாம் காற்று இன்னும் சுலபமாக உடைகிறது. எங்கள் அழுத்தத்துக்குப் பாந்தர் வெயில் நாளிலேயே விளிம்பில்தான் நிற்கும். மழை நாளில் நிச்சயம் இரையும். ஜீப்ராவும் பெருமழையில் கொஞ்சம் முனகும். ஆனால் இப்படி இராது.

இந்தக் கணக்கைப் போட்டவன் நான். அன்றைக்கு ஜீப்ரா வந்துசேர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். பாந்தர் யார்டில் இருந்தது. திண்டிவனம் பக்கத்தில் கரண்டு இல்லாமல் மோட்டார்கள் நின்றுபோய், தினமும் ஆபீசுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மேலதிகாரி தேவநாதன் சார் என் தாளைப் பார்த்துவிட்டு, "வெயில் நாள் கணக்கு மட்டும் போடுய்யா. கம்பி வழவழப்பா இருக்குதுன்னு வெச்சிக்கோ. பாஸாயிடும்" என்றார். அப்படிப் போட்டால் பாஸாயிற்று. அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மழை நாள் கணக்கை நானே கிழித்துப் போட்டேன்.

இந்த லைன் போடும்போது நீ கிணற்றுப் பக்கம் டவர் கால் வேண்டாம், பத்தடி தள்ளு என்று கேட்டபோது வந்துகூடப் பார்க்காமல், "கோடு போட்டாச்சு அக்கா" என்று சொல்லி அனுப்பினேன். கல்யாண வீட்டில் நீ எல்லார் முன்னாலும், "ஒனக்குக் கம்பிதான் கூடப்பொறந்தது" என்றாய். அதற்கு நான் இரண்டு வருஷம் கோபித்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அந்தக் கோபம் இல்லை.

அதே வழியில் இரண்டாவது லைன் ஒன்று வரப்போகிறது. உங்கள் தெருவுக்குப் பின்னால் போய், அதையும் தாண்டிப் பதினாறு ஊர் ஓரமாகப் போகும். ஃபைல் என் மேசையில் இருக்கிறது. மிச்சமான பாந்தர் யார்டில் கிடக்கிறது. இந்த முறை மழை நாள் கணக்கையும் வைக்க நினைக்கிறேன். ஆனால் தாளில் உள்ள எண்ணுக்கு, "எவன் வந்து கேட்டான்?" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். அளக்கும் கருவி சென்னையிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். மழைக்காலம் போய்விடும்.

உன்னிடம் ரேடியோ இருக்கிறது. மழை பெய்யும்போது அதை எடுத்துக்கொண்டு லைனிலிருந்து தள்ளித் தள்ளி நடந்து, எத்தனை தப்படியில் எந்த நிலையம் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று தேதி, நேரம் போட்டு எழுதி வைக்க முடியுமா? உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் தம்பி,
சக்கரபாணி


வேப்பம்பாடி,
19.11.1985

சக்கரபாணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது.

நீ கேட்ட கணக்கைக் கோடு போட்ட நோட்டில் எழுதித் தனியாக வைத்திருக்கிறேன். 9, 10, 13, 14 தேதிகள். தூறலில் இருபது தப்படியில் இரைச்சல் மட்டும். என் வீட்டு வாசலில் புதுச்சேரி நிலையம் விட்டு விட்டுக் கேட்கும், சென்னை கேட்காது. நூற்றைம்பதில் புதுச்சேரி தெளிவு. சென்னை தெளிய முந்நூறு தப்படி, அதாவது மாசிலாமணி வீட்டுக் கொல்லை வரை போகவேண்டும். பெருமழையில் இன்னும் ஐம்பது சேர்த்துக்கொள். காய்ந்த நாளில் வீட்டிலேயே எல்லாம் கேட்கும். முந்தானையால் பெட்டியை மூடிக்கொண்டு தப்படி எண்ணி நடக்கிற என்னைப் பார்த்து லூர்துமேரி, "இன்னாக்கா, ரேடியோவுக்குக் காத்து வாங்க வெளிய கூட்டிக்கினு போறியா?" என்று சிரித்தாள்.

13ஆம் தேதி காலையில் உன் மாமாவும் எங்கள் தெருப் பெரியதம்பியும் மாடுகளை ஓட்டிக்கொண்டு கழுவெளி ஏரித் திட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு நாள் அங்கேயே தங்கி மேய்த்துவிட்டு வருவதாகப் பேச்சு. வானம் மப்பாக இருந்தது, அவ்வளவுதான். பத்து மணிக்குத் தூறல் தொடங்கியது. நீ சொன்னாயே என்று பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். இருபதில் இரைச்சல். நூற்றைம்பதில் பாட்டு. முந்நூறில் சென்னை நிலையத்தைத் திருப்பினால் பாட்டு இல்லை, எச்சரிக்கை படித்துக்கொண்டிருந்தார்கள். புயல் பகலிலேயே கரையைக் கடக்கும், ஏரிக்கரையிலும் தாழ்ந்த இடத்திலும் இருப்பவர்கள் மேடேறவேண்டும் என்று. முந்தின ராத்திரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். ராத்திரியும் விடியலும் பனி, எங்கள் தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

பெட்டியை மாசிலாமணி கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். அவரும் பின்னாலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏறு அஞ்சம்மா, ஜல்தி ஏறு" என்றார். சேற்றில் சைக்கிள் உருளவில்லை. போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். நாங்கள் போகும்போது திட்டைச் சுற்றி முழங்கால் தண்ணீர். கரையிலிருந்து கத்தினால் காற்று என் குரலை என் வாயிலேயே திணித்தது. முந்தானையை அவிழ்த்து வீசி வீசிக் காட்டினேன். உன் மாமா கடைசியில் பார்த்தார். இறங்கி வந்தார்கள். வரும்போது இடுப்புத் தண்ணீர். பெரியதம்பி ஒரு கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய இரண்டு எருமைகளும் எங்கள் சினைப் பசுவும் திட்டிலேயே நின்றுவிட்டன, இழுத்தும் வரவில்லை. மறுநாள் அந்தத் திட்டே இல்லை.

உன் மாமா காய்ச்சலில் படுத்திருக்கிறார். கஞ்சி குடிக்கிறார். பசுவின் பெயரைச் சொல்லி இரண்டு முறை அழுதார்.

நீ கேட்டிருக்காவிட்டால் நான் அந்த முந்நூறு தப்படி நடந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். நீ கம்பியை ஒழுங்காகப் போட்டிருந்தால் எனக்கு நடக்கவேண்டிய வேலையே இருந்திருக்காது. அதுவும் உனக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு உன்னை என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. நோட்டை இதோடு அனுப்புகிறேன்.

அஞ்சம்மாள்


விழுப்புரம்,
6.12.1985

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவைப் பார்க்க 24ஆம் தேதி வந்து, வாசல்வரை வந்து, நீ வயலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னதும் திரும்பிவிட்டேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் பயமாக இருந்தது. ஆரஞ்சுப் பையை ஜன்னலில் வைத்தது நான்தான்.

நோட்டையும் என் இரண்டு கணக்குகளையும் தேவநாதன் சாரிடம் வைத்தேன். நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"யாருய்யா இந்த அஞ்சம்மாள்?"

"எங்க அக்கா சார்."

"அப்போ இது சாட்சி இல்ல. குடும்ப விவகாரம்."

"நீங்களே ஒரு மழை நாள்ல வந்து பாருங்க சார். பெட்டி நான் எடுத்துக்கினு வர்றேன்."

அவர் நோட்டைத் தன் டிராயரில் வைத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை மழை பிடித்ததும் ஜீப்பை எடுக்கச் சொன்னார். ஊருக்குள் வரவில்லை, தார் ரோடு லைனைக் கடக்கும் இடத்தில் நிறுத்தினோம். குடை பிடித்துக்கொண்டு அவரே தப்படி எண்ணினார். உன் கணக்கில் பத்துத் தப்படிகூட வித்தியாசம் இல்லை. ஜீப்பில் ஏறியதும் குடையை மடக்கி உதறினார். பிறகு, "மழை நாள் கணக்கையும் சேர்த்தே மேல அனுப்புவோம். ஆனா போன தடவ எப்படிப் பாஸாச்சுன்னு கேப்பானுங்க. இன்னா சொல்லுவே?" என்றார்.

"நான் போட்ட கணக்கு, நான்தான் விட்டேன்னு சொல்றேன் சார்."

"நானும்தான்யா கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே. சொல்லவேண்டியது வேறு. இரண்டாவது லைனுக்கு ஜீப்ரா என்று முடிவாகிவிட்டது.

இதில் இரண்டு சங்கடம் உண்டு. ஒன்று, பழைய லைன் அப்படியே இருக்கும். அதை அவிழ்த்துப் புதுக்கம்பி போட ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் உங்கள் தெருவுக்குப் பெரிய மாற்றம் வராது. இரைச்சல் இரண்டு மடங்காகாது, அவ்வளவே. முழு நன்மையும் அப்பால் உள்ள ஊர்களுக்கு.

இரண்டாவது, ஜீப்ரா கனம். அந்தக் கனத்துக்கு டவர்களை அவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியாது, கம்பி தாழ்ந்துவிடும். உங்கள் ஊர் எல்லையில் ஒரு டவர் கூடுதலாக வேண்டும். மூன்று விதமாகக் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அது உன் கிழக்கு வயலில்தான் விழுகிறது.

சட்டப்படி நான் உன்னைக் கேட்கவேண்டியதில்லை. இடம் குறித்து முளை அடிப்பதற்கு முன்னால் கேட்கிறேன்.

சக்கரபாணி


வேப்பம்பாடி,
17.12.1985

தம்பி சக்கரபாணிக்கு,

ஆரஞ்சு வைத்தது செண்பகம் என்று நினைத்து அவளுக்கு ஒரு படி கேப்பை கொடுத்துவிட்டேன். அவளும் வாங்கிக்கொண்டாள்.

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னாடி இது, அநியாயமா இருக்குதே. சத்தம் நமக்கு, டவரும் நமக்கு, நல்லா கேக்குற ரேடியோ மட்டும் ஊரானுக்கா?" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. அடுப்பில் இருந்ததை இறக்காமல் கருகவிட்டேன்.

நான்கு நாள் அவர் உன் பேச்சை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பெரியதம்பி வந்து உட்கார்ந்தான். அவன் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்தப் பதினாறு ஊரில் ஒன்றில். அவள் வீட்டுக்காரன் கழுவெளியில் மீன் பிடிக்கிறவன். பெரியதம்பி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, மச்சான் பற்றிச் சும்மா பேசிவிட்டுப் போனான். அவன் போனபிறகு உன் மாமா எழுந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். "அந்தத் திட்டுல நின்னவன் நான்தானே" என்றார். பிறகு, "கெணத்துப் பக்கம் மட்டும் வேணாம்னு எழுதிப் போடு" என்றார்.

எழுதிவிட்டேன். வடக்கு வரப்பை ஒட்டி எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். முளை அடிக்க ஆள் அனுப்பாதே. நீ வா. இந்த முறை வாசலோடு திரும்பினால் நான் ஆபீசுக்கே வந்துவிடுவேன்.

அக்கா,
அஞ்சம்மாள்


விழுப்புரம்,
20.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று முளை அடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா என் இலையில் இரண்டாவது முறை மீன் குழம்பு ஊற்றினாரே, அதற்கு என்னால் நன்றாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. தொண்டையில் முள் என்று சொன்னேன். முள் இல்லை.

மெமோவுக்கு முடிவு வந்துவிட்டது. தேவநாதன் சாரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என்னைச் சேலம் பக்கம் ஒரு ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி கணக்குப் போடும் வேலை இல்லை. வரும் சாமானை எண்ணி வைக்கும் வேலை. புதன்கிழமை ரயில். ஜீப்ரா ஏறுவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்.

வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இருக்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது.

சக்கரபாணி


வேப்பம்பாடி,
3.11.1987

அன்புத் தம்பி சக்கரபாணிக்கு,

புது லைனில் கரண்டு விட்டு ஒரு மாதம் ஆகிறது. முந்தாநாள்தான் முதல் மழை. நீ ஒரு வார்த்தையும் கேட்டு எழுதவில்லை. கேட்கப் பயந்துகொண்டு ஸ்டோரில் போல்ட்டு நட்டு எண்ணிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாது. கிட்டக் கிட்ட இருக்கின்றன. அதனால் பெரியதம்பியோடு அவன் தங்கச்சி ஊர்வரை போனேன். அங்கே பழைய லைன் இல்லை, புதியது மட்டும்தான். நேராகக் கம்பிக்கு அடியிலேயே போய் நின்றேன். நல்ல மழை. காதைக் கொடுத்தால் மெல்ல ஒரு முனகல், நீ எழுதியிருந்தாயே, அவ்வளவுதான். அடியில் நிற்கும்போது சென்னை நிலையம் கரகரத்தது. இருபது தப்படி தள்ளி அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டேன். செய்தி, வானிலை, அதற்கப்புறம் விவசாயிகளுக்கான பேச்சு, எல்லாம் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அந்தப் பெண்ணின் புருஷன் வானிலை முடிகிறவரை வலையைத் தொடவில்லை. கேட்டுவிட்டு, "இன்னிக்குப் போவல" என்று சொல்லி மறுபடி படுத்துக்கொண்டான்.

அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். "எங்க அண்ணன் சொல்லிச்சு, ஒங்க ஊருல ஒரு லைனு கெடந்து கத்துதாமே. இது சத்தமே காணோம். இதப் போட்டது யாருக்கா?" என்று கேட்டாள்.

"என் தம்பி."

"அப்போ அந்தக் கத்துறது?"

"அதுவும் அவன்தாம்மா" என்றேன்.

உன் அக்கா,
அஞ்சம்மாள்